கடல் சேராத முடி

"அந்த டப்பாவைத் தூக்கி அடுப்புல போடுடி! தொரசாணி லயத்துக்கே வந்துக்கிட்டு இருக்காங்க!"

பிலிப்புக்கு மூச்சு வாங்கியது. பங்களாக் குதிரைக்காரன் அவன். மேட்டிலிருந்து ஓடி வந்திருந்தான். வெள்ளைக்காரத் துரையின் மனைவி கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசல் மிதித்து அந்தத் தேயிலை மலையில் யாரும் பார்த்ததில்லை.

அவன் மனைவி அந்தோனியம்மா டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு பிடி பொன்னிற முடி.

"மாட்டேன். இது நேர்ச்சை முடி."

பதினெட்டு வருஷத்து வம்பு அது. அப்போது அவள் பங்களா ஆயா. தொரசாணியின் இரண்டு வயது மகன் சின்னத்தொரை காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்தபோது, பிழைத்தால் மொட்டை போட்டு முடியை வேளாங்கண்ணிக் கடலில் சேர்ப்பதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தான். யாரையும் கேட்காமல் பதுளைக் கோயிலுக்குத் தூக்கிப்போய் மொட்டையும் போட்டுவிட்டாள். மகனின் தலையைப் பார்த்துத் தொரசாணி போட்ட கூச்சல் மலை முழுக்கக் கேட்டது. "முடியை எரிச்சிட்டு வெளியே போ!" போனாள். எரிக்கவில்லை. இலங்கையிலிருந்து கப்பலேறி வேளாங்கண்ணி போகத்தான் கொடுத்துவைக்கவில்லை.

"எந்தப் பாவியோ போட்டுக் குடுத்துட்டான். தோட்டத்த விட்டே விரட்டிருவாங்க. இந்த வயசுல எங்கடி போறது?"

"சண்டையில ஆகாயக் கப்பல் ஓட்டுறான் நான் தூக்கி வளத்த எம்புள்ள. நேர்ச்சைய அடுப்புல போட்டா, அவன மேல யாருய்யா தாங்குறது?"

"உம்புள்ளையாம், உம்புள்ள!"

வாசல் இருண்டது. அந்தோனியம்மா டப்பாவை முந்தானைக்குள் மறைத்தாள். தொரசாணி நின்றிருந்தாள். தலையில் தொப்பி இல்லை, காலில் சப்பாத்தெல்லாம் சேறு, முகம் சிவந்து கிடந்தது.

"ஆயா, அந்த முடி எங்கே?"

பிலிப்பு முந்திக்கொண்டான். "அன்னிக்கே எரிச்சிட்டா தொரசாணி! மாதா மேல சத்தியம்!"

"பொய்! ஆயா எரிச்சிருக்க மாட்டா!" அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் குழந்தை வீரிட்டது.

மாதா மேல் பொய்ச் சத்தியம் என்றதும் அந்தோனியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. முந்தானைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"எரிக்கலம்மா. விரட்டுங்க, போயிடுறோம். இத மட்டும் எரிச்சிராதீங்க. சின்னத்தொரை உசிரு இதுலதான் இருக்கு."

தொரசாணி வெடுக்கென்று பிடுங்கித் திறந்தாள். பிலிப்பு கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

சத்தமே வரவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தான். தொரசாணி சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்து, முடியைக் கன்னத்தோடு வைத்திருந்தாள்.

"அவன் ஓட்டுன கப்பல் ஆகாயத்துலயே தீப்பிடிச்சிருச்சு, ஆயா. கல்லறையில வைக்க எம்புள்ளையோடது ஒண்ணுமே கிடைக்கல... நீ எரிக்காம வச்ச இதுதான் மிச்சம்."