மாஸ்டர் சொல்லிக் கொடுத்த பதில்

பயிற்சியாளர் மாஸ்டர் குனிந்து கொம்பனின் காதில் முணுமுணுத்ததை, ஓடி வந்த டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

பதில் சொல்லிக் கொடுக்கிறார். சந்தேகமே இல்லை.

கால்பந்து இறுதியாட்டம். முடிய இருபது நிமிடம். ஆளுக்கு ஒரு கோல்; கடைசியாகப் போட்டது எதிரணி. தலையால் முட்டி கோல் போட்டே பெயர் வாங்கிய கொம்பன் பந்துக்கு எகிறினான். தலையோடு தலை மோதியது. விழுந்தவன் உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"தள்ளுங்க மாஸ்டர். அவர்தான் பதில் சொல்லணும்."

"கேளுங்க டாக்டர், எனக்கு ஒண்ணுமில்ல" என்றான் கொம்பன்.

தலையில் அடிபட்ட எவனிடமும் கேட்கும் கேள்விகள். அட்டையில் அச்சடித்தவை. மாஸ்டருக்கு மனப்பாடம். ஒன்று தப்பினாலும் ஆள் வெளியே.

"இது முதல் பாதியா, ரெண்டாவதா?"

கொம்பன் மாஸ்டரைப் பார்த்தான். "முதல் பாதி."

"கடைசி கோல் போட்டது யாரு?"

"நாங்கதான்."

"போன ஆட்டம்?"

"தோத்துட்டோம்."

தோற்றவன் இறுதியாட்டத்துக்கு எப்படி வருவான்? பிட்டு கொடுத்தும் பெயில். அடி பலம்தான்.

"ஸ்ட்ரெச்சர்!"

"ஐயோ, மாத்தி இறக்க ஆளில்ல டாக்டர்! பத்துப் பேராத்தான் ஆடணும். மாஸ்டர், நீங்களாவது சொல்லுங்க!" என்று கத்தினான் கொம்பன்.

மாஸ்டர் குதித்தார். "இந்தம்மாவுக்கு ஆட்டத்தைப் பத்தி என்னடா தெரியும்? என்ன பண்றது, சட்டம் அவங்க கையில இருக்கு. போய்த் தொலை!"

கேலரி மொத்தமும் டாக்டரம்மாவை ஏசியது. பத்துப் பேர் ஆடித் தோற்றார்கள். கோப்பை வராவிட்டால் மாஸ்டருக்கு வேலை இல்லை என்று கிளப் செயலாளர் முன்பே சொல்லியிருந்தார். அன்று மாலையே சீட்டைக் கிழித்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டைக்குள் ரத்தக் கசிவு. இன்னொரு முறை முட்டியிருந்தால் ஆள் போயிருப்பான். அவசரமாக ஆபரேஷன். பிழைத்துக்கொண்டான்.

வராந்தா பெஞ்சில் மாஸ்டர். மடியில் கொம்பனின் பூட்ஸ். டாக்டரம்மா ஒரு காகிதத்தை நீட்டினார்.

"உங்க மேல புகார் எழுதியிருக்கேன். இனிமே எந்த மைதானத்துலயும் உங்களை விடக் கூடாது. காதுல பதில் சொல்லிக் கொடுத்தீங்களா, இல்லையா?"

"கொடுத்தேன்."

"வெட்கமா இல்ல? அவர் மட்டும் சரியா ஒப்பிச்சிருந்தா, இந்நேரம் பிணவறையில கிடப்பார்!"

"சரியாத்தான் ஒப்பிச்சான்."

"என்னது?"

மாஸ்டர் பூட்ஸில் ஒட்டியிருந்த புல்லைக் கிள்ளி எறிந்தார்.

"அவன் பார்வையே சரியில்ல டாக்டர். நான் கூப்பிட்டா வெளிய வரமாட்டான். கால் முறிஞ்சப்பவே ஒண்ணுமில்லன்னு நின்னவன். அதான், முதல் பாதின்னேன். கடைசி கோல் நம்மதுன்னேன். போன ஆட்டம் தோத்தோம்னேன்."

டாக்டரம்மா நீட்டிய காகிதத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"தலை தெளிவா இருந்திருந்தா, 'என்ன மாஸ்டர் உளர்றீங்க'ன்னு சண்டைக்கு வந்திருப்பான். வரல."