மஞ்சள் கடற்பஞ்சு

வலையில் சிக்கும் கடற்பஞ்சில் மருந்து தேடும் விஞ்ஞானி மசூர், கொழும்பிலிருந்து கடலோர ஊரான சாய்ந்தமருதுக்குக் களைத்துப்போய் வந்து சேர்ந்தார். எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடம் தொடங்கிய வேலை. இது நாலாவது வருடம்.

அவர் அண்ணன் முறையில் 'காக்கா' என்றழைக்கும் மீனவர் கச்சிமுகம்மது கதிரையை இழுத்துப் போட்டார். மசூர் உட்கார்ந்தார்.

"ஊரூராச் சேத்த பஞ்செல்லாம் வீண், காக்கா. நீங்க கொழும்புக்கு அனுப்புறது மட்டுந்தான் கிருமியக் கொல்லுது."

"அல்ஹம்துலில்லாஹ்!"

"உங்கட பஞ்சு மட்டுந்தான் மஞ்சள் நிறமும். புது இனமெண்டு வெளிநாட்டுக்கு எழுதிட்டன். அது கெடக்கிற இடத்தக் காட்டுங்க."

கச்சிமுகம்மது விழித்தார்.

"மஞ்சளா? வலையில வரக்குள்ள வெள்ளையாத்தானே சேர் இருக்கும்?"

தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி றாஹிலா தயங்கி நின்றாள்.

"கொழும்புக்குப் போய்ச் சேரக்குள்ள நாறிடுமே எண்டு, மீனுக்குப் பூசுற மாதிரி உப்பும் மஞ்சளும் பூசித்தான் நான் காயவெச்சி அனுப்புறன்."

மசூர் வெளிநாட்டுக்கு எழுதிய கடிதத்தின் பிரதியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

றாஹிலாவுக்கு மனம் கேட்கவில்லை.

"மஞ்சள் போதாமப் போச்சா, சேர்? அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடப் பூசி அனுப்புறன்."