நாவல் பட்டை

“என் மரத்தச் சாவடிச்சிட்டுத்தான் இவ டாக்டர் பட்டம் வாங்கணுமா?”

பஞ்சவர்ணம் போட்ட சத்தத்தில் விக்கிரமங்கலம் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களே திரும்பிப் பார்த்தார்கள். நான் உலையை இறக்கி வைத்துவிட்டுத்தான் போனேன். அவள் தொடங்கினால் சோறு குழைந்துவிடும்.

அவள் கொல்லையில் நாவல் மரம் பாவாடை அவிழ்ந்த மாதிரி நின்றது. முழங்கால் உயரத்திலிருந்து நெஞ்சு உயரம் வரை, சுற்றிலும் பட்டை இல்லை. சுற்றி உரித்தால் மரம் பட்டுப்போகும். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பழி நேரே எதிர்வீட்டுப் பரிமளா மேல் விழுந்தது.

வேறு யார் மேல் விழும்? நாவல் இலையிலும் பட்டையிலும் இருக்கிற துவர்ப்பு, அவள் பாஷையில் பீனால், மாதத்துக்கு மாதம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஒரு வருடம் முழுக்க, ஒரே மரத்தில். மாதா மாதம் பஞ்சவர்ணத்திடம் கேட்டுக்கொண்டு, ஒரு பிடி இலையும் உள்ளங்கை அளவு பட்டையும் எடுத்துப் போவாள்.

கையில் எவர்சில்வர் கத்திதான் இருக்கும். இரும்பு பட்டால் துவர்ப்பு மை மாதிரி கறுத்துவிடும், ஆராய்ச்சிக்கு ஆகாது என்று ஒருநாள் தம்ளரில் கலக்கியே காட்டினாள். நான்தான் கேட்டேன். நான் கேட்காமல் இந்தத் தெருவில் என்ன நடந்துவிடும்?

மரம் செத்தால் அவள் பட்ட பாடு அத்தனையும் பாழ். அதனால் பரிமளாவும் சும்மா நிற்கவில்லை. பஞ்சவர்ணத்தின் மகள் சண்முகப்பிரியா பிளஸ் டூ தேறவில்லை, அந்த வயிற்றெரிச்சலில் பஞ்சவர்ணமே உரித்துப் போட்டிருக்கிறாள் என்று பதிலுக்குக் கத்தினாள்.

இரண்டு பேரையும் மிஞ்சியது பரிமளாவின் அம்மா பொன்னுத்தாய்தான். மகளுக்குப் பேசி வைத்த கீழப்பழுவூர் மாப்பிள்ளை வீட்டை, படிப்பு முடியட்டும் என்று சாக்குச் சொல்லி நிறுத்தி வைத்திருந்தவள். முந்தின வாரம் அவர்கள் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனதையும் தெரு பார்த்தது. அந்தச் சூட்டையெல்லாம் பஞ்சவர்ணத்தின் வம்சத்தின் மேல் கொட்டினாள்.

கடைசியில் சூடத்துக்கு வந்தது. பஞ்சவர்ணம் வாசலில் ஏற்றி வைத்து, உரிக்கவில்லை என்பது உண்மையானால் அடித்து அணைக்கட்டும் என்றாள்.

“எம் மவ உரிக்கல. சத்தியம்” என்று பொன்னுத்தாய் கையை ஓங்கினாள்.

ஓங்கிய உள்ளங்கை நீலமும் கறுப்புமாக இருந்தது. தை மாதம், நாவல் பழக் காலம்கூட இல்லை. அடுப்புக்கரி என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

பரிமளா அந்தக் கையைப் பார்த்தாள். நான் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தேன்.

எரிகிற சூடத்தைப் பரிமளா காலாலேயே தட்டிவிட்டாள்.

“நான்தான் உரிச்சேன் அத்தை.”

சொன்னது பஞ்சவர்ணத்திடம். பல்லைக் கடித்தபடி கண் வைத்திருந்தது அம்மா மேல்.

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. எனக்கே போரடித்தது.

பரிமளா சிதம்பரம் போய் வேறொரு மரத்தில் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பட்டை திருடி எங்களுக்கு வேண்டாம் என்ற கீழப்பழுவூர் மாப்பிள்ளை, அடுத்த வைகாசியில் சண்முகப்பிரியாவுக்குத் தாலி கட்டினான். பட்டுப்போன நாவல் மரம் அந்தக் கல்யாண அடுப்பில் எரிந்தது. பரிமளா தன்னோடு படித்தவனையே சிதம்பரத்தில் கட்டிக்கொண்டாள். அம்மாவுக்குப் பத்திரிகை தபாலில் வந்தது.

பொன்னுத்தாய் அரியலூரில் மகன் வீட்டுக்குக் குடிபோன அன்று, பரணிலிருந்து சாமான் இறக்க நானும் போனேன். ஒரு சாக்கு மூட்டை கனத்தது. அவிழ்க்காமல் விடுவேனா?

உள்ளே நாவல் பட்டை. வெயில் படாமல் நிழலிலேயே உலர்த்தியது. ஒவ்வொரு துண்டும் பரிமளா வெட்டுகிற அதே உள்ளங்கை அளவு. அரிவாள் பட்ட ஓரமெல்லாம் கறுத்திருந்தது.

“வருசத்துக்கு வேண்டியத ஒரேயடியா எடுத்துக் குடுத்துட்டா, சீக்கிரம் முடிச்சிருவான்னு நெனச்சேன்” என்றாள் பொன்னுத்தாய்.

மூட்டையை என் கையிலிருந்து வாங்கி மறுபடி கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள்.