தொப்பிக்குள் கம்பளி நூல்

“தொப்பிக்குள்ள என்ன ஒளிச்சு வெச்சிருக்கே? எடு.”

லைன் லீடர் லீஃபென் கேட்டதும், யுவேச்சின் மறுபேச்சில்லாமல் எடுத்து மேஜையில் வைத்தாள். கூந்தலில் குத்தியிருந்த ஒரு முடிச்சு வெள்ளைக் கம்பளி நூல். இங்கே புருஷன் செத்தால் துக்கம் கழியும்வரை பெண்டாட்டி குத்தியிருக்க வேண்டியது, இன்னும் கழியவில்லை.

“உன் துக்கம் எனக்கும் புரியுது. ஆனா கம்பளி உரசினா கரண்ட் ஏறும்னு தெரியாதா? தினம் பக்கத்துலயே நின்னு உன் பட்டையையும் சிப்பையும் பார்க்குறேன், அப்பவும் உன் மேஜையில மட்டும்தான் சிப் சாவுது.”

“சரிக்கா.”

குளிர்காலத்தில் கதவுப் பிடியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்குமே, அதில் துளி போதும், சிப் காலி. அதற்காகத்தான் கம்ப்யூட்டர் சிப் செய்கிற இந்தச் சின்ச்சு ஊர்த் தொழிற்சாலைகளில் மணிக்கட்டில் பட்டை மாட்டி, உடம்பில் ஏறுகிற மின்சாரத்தைக் கம்பி வழியே தரைக்கு இறக்குகிறோம். காலுக்கும் அதற்கென்றே தனி ஷூ உண்டு. வாசல் தட்டில் ஏறி நின்று, மின்சாரம் ஒழுங்காக இறங்குகிறது என்று பச்சை விளக்கு எரிந்தால்தான் உள்ளே விடுவார்கள். எல்லோரையும் ஏற்றிப் பார்ப்பவள் லீஃபென். அவளை ஏற்றிப் பார்க்க யாருக்குத் தைரியம்?

மறுநாளும் லீஃபென் அவள் பக்கத்திலேயே நின்றாள். பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று எஃகுக் கிடுக்கியால் மணிக்கட்டில் நெம்பிப் பார்த்தாள். சவப்பெட்டியை மூடும்போதுகூட அழாத யுவேச்சின், லேசாக மூச்சை இழுத்துக்கொண்டாள். அதே கிடுக்கியால் லீஃபென் சிப்புகளையும் தூக்கிப் பார்த்து வைத்தாள்.

சாயங்காலச் சோதனையில் அவை தேறவில்லை.

“உன்னை அட்டைப்பெட்டி கட்டுற பக்கம் மாத்துறேன். இனிமே நீ சிப்பைத் தொட வேண்டாம்.”

“சரிக்கா.” தெரிந்த ஒரே தொழில் கையைவிட்டுப் போனதற்கும் அதே ‘சரி’தான்.

அனுப்புமுன் அவளை வாசல் தட்டில் ஏற்றினாள் லீஃபென். பச்சை. நம்பிக்கை வரவில்லை.

“நீ ஒழுங்கா நிக்கலை. இப்படி நிக்கணும்.” தானே ஏறிக் காட்டினாள். சிவப்பு.

கால்வலிக்காக ஷூவுக்குள் வைத்திருந்த ரப்பர் மெத்தையை உருவிப் போட்டுவிட்டு மறுபடி ஏறினாள். பச்சை. லீஃபென்னுக்கு முகம் செத்துவிட்டது.

“அப்போ சிப்பைக் கொன்னது நான்தானா? இரும்பைக் கெட்டியாப் பிடிச்சிருந்ததுல எனக்கு அடிச்சது தெரியலை. கிடுக்கி படுறப்பல்லாம் உனக்குச் சுருக்குனு அடிச்சிருக்குமே, ஏண்டி சொல்லலை?”

“அவரு போனதுக்கப்புறம் எனக்கு உறைச்சது அது ஒண்ணுதான்கா.”