நூற்று நாற்பது படங்கள்

"எல்லாத்தையும் உங்க இஷ்டத்துக்கு மாத்திக்கோங்கம்மா. பழையபடி திருப்பி வைக்கணும்னு சிரமப்படாதீங்க" என்று சொல்லிச் சாவியை ரெத்னோவின் கையில் வைத்தார் சுமியாத்தி அம்மா.

ஜாவாவில், கோத்தகெடே என்ற பழைய பேட்டையின் சந்துக்குள் இருந்த அந்த வீட்டை ஒரு குறும்படத்துக்காக மூன்று நாள் இரவல் கேட்டிருந்தார்கள். ரெத்னோதான் கலை இயக்குநர். கூடத்தை ஒரு தையல்காரியின் கூடமாக மாற்ற வேண்டும். வாடகைப் பேச்சை எடுத்ததுமே அந்த அம்மாள் சிரித்து மறுத்துவிட்டு, பக்கத்து ஊரான பந்துலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பையோடு கிளம்பிவிட்டார்.

"திருப்பி வைக்க வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்க. நமக்கு ஒரு வேலை மிச்சம்" என்றார் தச்சர் கிஸ்வோ.

"நீங்களும் ஜாவாக்காரர்தானே அண்ணே? நம்ம ஊர்ல வேண்டாம்னா வேணும்னுதானே அர்த்தம்?" என்றாள் ரெத்னோ.

கூடத்துக்குள் நுழைந்ததுமே அவளுக்குப் புரிந்துபோயிருந்தது. சுமியாத்தி அம்மாவின் கணவர் பர்ஜோ இறந்து நான்கு வருடங்கள். ஆனால் அவருடைய சாமான் ஒன்றுகூட இடம் மாறவில்லை. ஆணியில் கறுப்புத் தொப்பி. ஜன்னலை மறைத்தபடி காலிப் புறாக்கூண்டு. கிண்ணத்தில் பாதி புகைத்த கிராம்புச் சிகரெட். சதுரங்கப் பலகையில் பாதியில் நின்ற ஆட்டம். எதையும் நகர்த்தாமல் சுற்றிச் சுற்றித் தூசி துடைத்திருந்தார் அந்த அம்மாள்.

எதையும் தொடுமுன் ரெத்னோ நூற்று நாற்பது படங்கள் எடுத்துக்கொண்டாள். பிறகுதான் கூண்டு இறங்கியது. ஜன்னலடியில் தையல் மேஜை வந்தது. அந்தக் கூடத்தில் அத்தனை வெளிச்சம் ஒளிந்திருந்தது என்று யாருக்குத் தெரியும்! இயக்குநர் தமார் வாய் ஓயாமல் பாராட்டினார்.

கடைசி நாள் படப்பிடிப்பு முடிந்து எல்லோரும் சாப்பிடக் கிளம்பியபோது ரெத்னோ மட்டும் போகவில்லை. கிஸ்வோவைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டு, ஒவ்வொரு படமாகப் பார்த்து ஒவ்வொரு பொருளாக வைத்தாள். கறுப்புக் குதிரை லேசாக இடப்பக்கம் திரும்பியிருந்ததா? திருப்பினாள். சிகரெட்டுத் துண்டு கிண்ணத்தின் விளிம்பில் சாய்ந்திருந்ததா? சாய்த்தாள். பொழுது சாயும்போது இடுப்பு ஒடிந்தது. மனசு மட்டும் நிறைந்திருந்தது.

மறுநாள் காலை சுமியாத்தி அம்மா வாழை இலைப் பொட்டலத்தில் பலாக்காய்க் கூட்டும் சோறும் கட்டிக்கொண்டு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். தொப்பி, கூண்டு, பலகை என்று அவர் பார்வை மெல்ல நகர்ந்தது. கண்கள் பனித்தன.

"ஒரு இம்மிகூட மாறலைம்மா. நல்லாப் பாருங்க" என்றாள் ரெத்னோ.

அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். ரெத்னோவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கமான பொண்ணும்மா நீ. எவ்வளவு பாடுபட்டிருப்பே! ஆனா இதையெல்லாம் எடுத்து உள்ளே வைக்க என் கைக்குத் துணிவு வரலை. நீங்க கலைச்சுட்டீங்கன்னா அப்படியே விட்டுடலாம்னுதான் வீட்டையே கொடுத்தேன்."

சொல்லிவிட்டுச் சின்னப் பெண்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்."