மூன்று நிமிடத் தேநீர்

ஆறு வருடம் கழித்துக் குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கும் பிராங்க்ளின், ஆவூர் வீட்டு அடுப்படியில் இலைத் தேயிலை டப்பாவோடு நிற்கிறான். காலை வெயில் ஜன்னல் கம்பியின் நிழலோடு மேடையில் விழுந்து கிடக்கிறது. மனைவி அமலோற்பவம் பழக்கதோஷத்தில் இலையை அள்ளிக் கொதிக்கிற பாலில் போடப்போக, கையைத் தடுக்கிறான். "பாலே வேணாம். தண்ணி கொதிச்சதும் எறக்கிரு. எலையப் போட்டு மூடி வையி. மூணு நிமிஷந்தான், அதுக்கு மேல கெடந்தா கசந்துரும்." போனில் அலாரம் வைக்கிறான். மூடிய தட்டின் விளிம்பில் ஆவி கசிகிறது. தொட்டில் பிள்ளையைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அலாரம் அடித்ததும் வடிகட்டுகிறான். தேன் நிறத்தில் இரண்டு தம்ளர். அவளுடையதில் மட்டும் மூன்று கரண்டி சீனியைப் போட்டுக் கலக்கி, "ஒனக்கு இனிப்பு தூக்கலா இருக்கணும். மறப்பனா?" என்று சிரிக்கிறான். அவளுக்குச் சர்க்கரை நோய் வந்து நாலு வருடமாகிறது. தெரிந்த அன்றே போனில் அவனிடம் அழுதிருக்கிறாள். மாத்திரை அட்டை அவன் முழங்கைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. அவள் ஒரு மிடறு விழுங்குகிறாள். "எப்படி இருக்கு?" என்கிறான்.

"கசக்கலைங்க" என்கிறாள்.