லைட் சலங்கை

“எழில்மதி இந்த வருஷமும் ஆடுறாளாண்ணே?”

சலங்கையின் வயரை லேப்டாப்பில் செருகியபடி கேட்டாள் ஜெபீனா. கள்ளக்குறிச்சியில் நாட்டிய உடைகளுக்கு எல்.இ.டி. வைத்துத் தருபவள். போன வருடப் பள்ளி ஆண்டு விழாவுக்கு இந்த லைட் சலங்கையைச் செய்ததும் அவள்தான்.

வெள்ளிமலையிலிருந்து வந்திருந்த வேடியப்பன் சலங்கையைக் காட்டினார்.

“இப்ப ஓங்கி மிதிச்சாத்தான் எரியுதும்மா. லேசா அசைஞ்சாலே எரியறாப்புல பண்ணிக் குடு.”

“இன்னாண்ணே, எவ்ளோ லேசா?”

“விரலு அசைஞ்சாக்கூட.”

“மேடையில சும்மா நின்னாலே எரிஞ்சிக்கினு இருக்கும்ணே. பாக்க நல்லாவே இருக்காது.”

“பரவால்லம்மா.”

“நான் சொல்றதக் கேளுங்க...”

“பண்ணிக் குடும்மா!”

அவர் குரல் உடைந்தது. ஜெபீனா புரோகிராமை மாற்றினாள். மேசையை விரலால் தட்டினாள். சலங்கை பளிச்சென்று எரிந்தது.

மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்த நாளிலிருந்து நினைவில்லாமல் கிடக்கும் மகளின் காலில், வீட்டுக்கு வந்ததும் அதைக் கட்டினார் வேடியப்பன்.

“நாம அசந்த நேரத்துல கால அசைச்சாக்கூட இனிமே தெரிஞ்சிடும்” என்றார் மனைவியிடம்.

இருவரும் கட்டிலருகே உட்கார்ந்தார்கள். திடீரென்று சலங்கை எரிந்தது.

“எழிலு! அசைச்சிட்டா, பாத்தீங்களா!” மனைவி அழுதுகொண்டே மகளின் முகத்தருகே குனிந்தாள்.

வாசலில் கள்ளக்குறிச்சி பஸ் தரை அதிரக் கடந்துபோனது. அது வளைவில் திரும்பியதும் சலங்கை அணைந்தது.

“மறுபடியும் அசைப்பா இல்லங்க?”

“சாயங்காலம் அசைப்பா” என்றார் வேடியப்பன்.

அடுத்த பஸ் அப்போதுதான்.